அப்பா போட்ட கியர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். வழக்கமாக எழுதுகிற ‘நலம்’ என்ற வார்த்தையை எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன், அந்த வார்த்தையை உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் சேர்த்து நீயே வைத்துக்கொள். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். நம் வீட்டின் அகலம் உனக்குத் தெரியும், சமையலறையில் கரண்டி விழுந்தால் வாசலில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். உன்னோடு நான் பேசும்போதெல்லாம் அப்பா ஜன்னலோர நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தூங்குகிறார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன், காது மட்டும் விழித்திருக்கிறது. அவரை வைத்துக்கொண்டே ‘நல்லா இருக்கார்டி’ என்று உன்னிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

முதலில் சின்னச் செய்திகளை முடித்துவிடுகிறேன். மாடி வீட்டு டீச்சருக்கு மாற்றலாகிவிட்டது, போகும்போது தன் செடித்தொட்டிகளையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார், தினமும் தண்ணீர் தூக்கி என் முதுகுதான் போகிறது. குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. நீ அனுப்பிய செருப்பு அப்பாவுக்கு அளவாக இருக்கிறது, இடது காலுக்கு மட்டும் பட்டை கொஞ்சம் இறுக்கம், அந்தக் கால் சாயங்காலம் ஆனால் வீங்கிவிடுகிறது. நான் வேலை பார்த்த குழந்தைகள் காப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள், புதிதாக வந்தவள் பிள்ளைகளோடு மல்லுக்கட்ட முடியாமல் அழுகிறாளாம், காலையில் மட்டுமாவது வந்து போகச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த வேலை என் கையில் அப்படி ஊறிப்போயிருக்கிறது, அதுதான் இப்போது எனக்கு வினையாகவும் வந்து நிற்கிறது.

காரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதி உனக்குத் தெரிந்த கதை, ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். நீ வெளிநாடு போகும்போது உன் ஆட்டோமேட்டிக் காரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாய், அப்பா அதை மதிக்கவே இல்லை. காலமெல்லாம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர், இறக்கம் தொடங்கினால் அடிவாரம் வரும்வரை இரண்டாவது கியரை விட்டுக் கொடுக்கமாட்டார், பயணிகள் அவருக்கு ‘செகண்ட் கியர்’ என்றே பேர் வைத்திருந்தார்கள். படியில் கால் வைக்கும்போதே ‘இன்னிக்கு செகண்ட் கியரா, அப்போ ஒரு தூக்கம் போட்டுரலாம்’ என்பார்களாம். பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்குகிறவன் பாதி வழியில் பிரேக்கைத் தேடுவான் என்பார் இவர். அப்படிப்பட்டவருக்குக் கிளட்ச் இல்லாத வண்டி என்றால் இளக்காரம்தானே, ‘இதுல ஓட்டுறதுக்கு என்ன இருக்கு, உட்கார்ந்து போறதுதானே’ என்று சொல்லிக் கொட்டகையில் நிறுத்திப் படுதாவைப் போட்டு மூடிவிட்டார். போன வருடம் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்த பிறகுதான் அந்தப் படுதாவை விலக்கச் சொன்னார். கிளட்ச் இல்லை, அதனால் இடது காலுக்கு வேலை இல்லை, வலது கால் போதும், வலது கை போதும். நீ வந்து பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பின அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். மெக்கானிக் தம்பி ஒற்றைக் கையால் பிடித்துச் சுற்ற ஸ்டியரிங்கில் ஒரு குமிழ் பொருத்திக் கொடுத்தார். பழைய சந்தை மைதானத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஓட்டிப் பழகினார், நான் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குச்சியை டி-யில் போட்டுவிட்டால் வண்டியே கியரை மாற்றிக்கொள்கிறது, குமிழும் இரண்டு மிதியும்தான் இவர் பொறுப்பு. உண்மையைச் சொல்கிறேன், நன்றாகவே ஓட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அப்பாவோடு பஸ்ஸில் இருந்த கண்டக்டர் மாமா ஒருநாள் வந்து காரில் ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, டி-க்குப் பக்கத்தில் எம் என்று இருந்த சின்னப் பள்ளத்தைக் காட்டிவிட்டார். குச்சியை அதில் தள்ளிவிட்டால் கியரை நாமே மாற்றிக்கொள்ளலாம், முன்னால் தட்டினால் ஒன்று ஏறும், பின்னால் இழுத்தால் ஒன்று இறங்கும், எந்தக் கியர் என்று முன்னால் எண் எரியும். அன்றைக்கு அப்பா முகத்தில் வந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ‘இவ்வளவு நாளா இதுக்குள்ள ஒரு நிஜ வண்டி ஒளிஞ்சிருக்குடி’ என்று என்னிடம் சொன்னார். அதன்பிறகு டி-யில் போடச் சொன்னால் கோபம் வரும். மகளே, கியர் குச்சி ஓட்டுகிறவருக்கு இடது பக்கம் இருக்கிறது, அவருக்கோ இடது கை வராது, கியர் மாற்ற வேண்டுமானால் இருக்கிற ஒரே கையைக் குமிழிலிருந்து எடுத்து உடம்பைத் தாண்டி நீட்ட வேண்டும். மைதானத்தில் நேராகப் போகும்போது இதில் உள்ள ஆபத்து அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நம் தெரு இறக்கத்தில், அந்த வெல்டிங் கடை வளைவு வந்ததும், கை தானாகக் கியரைத் தேடிப் போய்விட்டது. வேறு எவனாக இருந்தாலும் டி-யில் போட்டுக்கொண்டு பேசாமல் இறங்கியிருப்பான், இத்தனை வருடம் மலை இறங்கிய ஒரு மனுஷனுக்குத்தான் இந்தத் தப்பு வரும். இரண்டாவது கியர் சரியாகத்தான் விழுந்தது, ஸ்டியரிங்கைத்தான் யாரும் பிடித்திருக்கவில்லை. உனக்குச் சின்ன உரசல் என்று சொன்னோம், கடைக்காரரின் மதில் பாதி சரிந்தது, எனக்கு விலாவில் நல்ல அடி. ‘உனக்கு ஒண்ணும் ஆகலியே’ என்று என்னைக் கேட்டுவிட்டுத் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுவாரம் யாரும் சொல்லாமலே லைசென்ஸைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் நான் ஓட்டக் கற்றுக்கொண்டதும், பயிற்சிப் பள்ளிப் பெண் என் ஆமை வேகத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டதும் உனக்குத் தெரியும், போனில் கேட்டு நீ சிரித்தாய். வேறு வழி இல்லை, பிசியோதெரபி ஆஸ்பத்திரி அடிவாரத்தில் இருக்கிறது, பஸ்ஸில் அவரை ஏற்றி இறக்க என்னால் முடியாது. முதல் முறை அவரை இடது பக்கம் உட்காரவைத்துக்கொண்டு டி-யில் மலை இறங்கினேன், பிரேக்கை மிதித்து மிதித்துப் பாதி வழியிலேயே தீய்ந்த வாடை வந்துவிட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார், பொறுக்கமுடியாமல் தன் வலது கையால் குச்சியை எம்முக்குத் தள்ளி இரண்டு முறை பின்னால் இழுத்தார். எஞ்சின் ஒரு உறுமு உறுமியது, நான் போட்ட கூச்சலில் பின்னால் வந்த சைக்கிள்காரர் இறங்கியே நின்றுவிட்டார். ஆனால் வண்டி அடங்கிவிட்டது, பின்னாலிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி நிதானமாக இறங்கியது, பிரேக்கில் கால் சும்மா கிடந்தது. அன்றிலிருந்து அப்படியே பழக்கமாகிவிட்டது, ஸ்டியரிங்கும் மிதியும் எனக்கு, கியர் அவருக்கு. இடது சீட்டில் இருப்பவருக்குக் குச்சி வலது கைப் பக்கம் வருகிறது பார், அவருக்கு மிச்சமிருந்த கைக்கு அது தோதாக அமைந்துவிட்டது. எதிரே வளைவு வரும் முன்னமே குச்சி இறங்கும், ஏற்றத்தில் நான் கேட்காமலே மாறும். நாங்கள் கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு ஒற்றுமையாக ஒரு வேலையும் செய்ததில்லை. ஆஸ்பத்திரி நாள் என்றால் விடிந்ததும் சவரம் செய்துகொண்டு, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் வாசலில் நிற்பார். இடது கை விரல்கள்கூடக் கொஞ்சம் விரிய ஆரம்பித்திருந்தன.

அந்த நாட்களில்தான் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டேன். மெக்கானிக் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘பயப்படாதீங்கம்மா, ஐயா தெரியாம கியரைத் தப்பாப் போட்டாக்கூட வண்டி கேக்காது. வேகம் ஜாஸ்தியா இருக்கும்போது சின்ன கியருக்கு இழுத்தா ஒரு சத்தம் கொடுத்துட்டு இருந்த கியர்லயே இருக்கும்’ என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், சந்தோஷமாக இருக்கிற மனுஷனிடம் போய் நீ தப்புச் செய்தாலும் பரவாயில்லை என்று சொல்வதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

மழை பெய்துகொண்டிருந்த ஒருநாள், பின்னால் ஒரு லாரி ஹாரனை அடித்து அடித்து என்னை விரட்டிக்கொண்டே வந்தது. பயத்தில் நான் வேகத்தைக் கூட்டிவிட்டேன். பெரிய வளைவு தெரிந்ததும் அப்பா குச்சியை இழுத்தார். கீச்சென்று ஒரு சத்தம், எண் மூன்றிலேயே நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடி அதே சத்தம், அதே மூன்று. இழுத்தும் ஏன் இறங்கவில்லை என்று புரியாமல் அவர் அந்த எண்ணையே பார்த்தார், நான் பிரேக்கை மிதித்து எப்படியோ வளைவைத் தாண்டிவிட்டேன். அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்து, ஆறுதல் சொல்கிறேன் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது, ‘பதறாதீங்க, தப்பாப் போட்டா அது எடுத்துக்காதுன்னு மெக்கானிக் முன்னாடியே சொல்லிட்டார்’ என்று.  அடிவாரம் வந்து ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தின பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். ‘முன்னாடியேன்னா எப்போ?’ என்று கேட்டார். நான் சொன்னேன்.  பிறகு ‘நான் என்ன உன் காப்பகத்துப் பிள்ளையா, அழுதா கையில ஒரு விளையாட்டு ஸ்டியரிங்கைக் கொடுத்து உட்கார வைக்கிறதுக்கு?’ என்றார். காப்பகத்தில் அப்படி ஒன்று இருந்தது, அடம்பிடிக்கிற பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுப்பது, உன்னைக்கூட ஒருமுறை அதை வைத்துத்தான் சமாதானப்படுத்தினேன், அதை நானேதான் வீட்டுக்கு வந்து அவரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். திரும்பி வரும்போது கையை மடியில் வைத்துக்கொண்டார். குச்சியைத் தொடவே இல்லை.

இது நியாயமா சொல்லு. வண்டி தடுத்தது எப்போதோ ஒரு தடவை, அதுவும் நான் வேகமாகப் போனதால், அவர் தப்பாக ஒன்றும் போடவில்லை. மற்ற நேரமெல்லாம் எந்த இடத்தில் இரண்டு, எந்த இடத்தில் மூன்று என்று முடிவு செய்தது அவர்தான், அவர் இழுக்காமல் அது இறங்கவில்லை, அவர் தட்டாமல் ஏறவில்லை. மெக்கானிக் தம்பியே வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ‘நீங்க போட்டதுதான் ஐயா விழுந்துச்சு, வண்டி சும்மா காவலுக்குத்தான் நிக்குது’ என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. வண்டி கேட்காத ஒரு தடவைக்காக, அது கேட்ட எல்லாத் தடவையையும் தூக்கிப் போட்டுவிட்டார். உன் அப்பாவின் பிடிவாதம் உனக்குத் தெரியாதா, அதில் பாதி உனக்கும் வந்திருக்கிறது.

அதற்கப்புறம் அவர் காரில் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. சவரம் செய்துகொள்வதில்லை, நான் செய்துவிட்டால் முகத்தைக் கொடுப்பார், அவ்வளவுதான். கண்டக்டர் மாமா வந்து வாய் ஓயாமல் பழைய கதை பேசுகிறார், இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவரும் டீயைக் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார். விரிய ஆரம்பித்த விரல்கள் திரும்ப மடங்கிவிட்டன. பிசியோதெரபிப் பெண் போனில் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், இப்படியே விட்டால் அந்தக் கை மூடியது மூடியதுதான், பிறகு நடையும் போகும், படுக்கைதான் என்று. அவருக்கும் சொன்னேன். ‘சரி’ என்றார்.  செத்துப்போவதற்குச் சம்மதம் சொல்கிற மாதிரி இருந்தது. இதை உன்னிடம் மறைக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

போன வாரம் மருந்து வாங்க நான் மட்டும் மலை இறங்கினேன். டி-யில்தான் போனேன், பழையபடி வாடை வந்தது, நானே எம்முக்குத் தள்ளி இரண்டாவதுக்கு இழுத்தேன். எங்கேயோ தப்பு, இழுக்க வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே இழுத்துவிட்டேன் போலிருக்கிறது, வண்டி நகரவே மாட்டேன் என்கிறது, பின்னால் ஊர்வலம் மாதிரி வண்டிகள், ஒரு வேன்காரன் ‘பாட்டி, தூங்கிட்டியா’ என்று கத்திவிட்டுத் தாண்டிப் போனான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். பாசாங்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. பாலம் தாண்டினதும் மூணா ரெண்டா என்று கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தார், எவ்வளவோ நாளைக்கு அப்புறம் நேராகப் பார்த்தார், சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ‘அதான் வண்டி இருக்கே, அதையே கேளு’ என்றார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் திட்டியிருக்கிறார், நானும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், எதுவும் இப்படி வலித்ததில்லை. இனி நான் நிஜமாகவே கேட்டாலும் அவருக்கு அது விளையாட்டு ஸ்டியரிங்தான். என் கேள்விக்கு மதிப்புப் போய்விட்டது.

உன் கேள்விக்கு இன்னும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். உன் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற சாலை செங்குத்தாக இறங்குகிறது, பனி விழுந்தால் வண்டி வழுக்குகிறது, போன குளிர்காலத்தில் சந்திப்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய் எதிர்த்த வேலியில் நின்றாய் என்று சொன்னாயே, அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் வண்டியிலும் டி-க்குப் பக்கத்தில் அந்த எம் இருக்கிறது, ஒருநாள்கூட அதைத் தொட்டதில்லை என்று நீதானே சொன்னாய். அங்கே குளிர்காலம் வந்துகொண்டிருக்கிறது. அப்பாவிடம் கேள். அம்மா எழுதினாள் என்று கேட்காதே, பாவம் பார்த்தும் கேட்காதே, அவர் கண்டுபிடித்துவிடுவார். முதலில் நீ ஓட்டிப் பார், காலியான இடத்தில், பகலில், எந்த இடத்தில் பயம் வருகிறது, எந்த இடத்தில் வழுக்குகிறது என்று பார்த்துக்கொள். பிறகு கேள். அவர் பனியைக் கண்ணால் கண்டவரில்லை, தெரியாது என்றுகூடச் சொல்லலாம், சொல்லட்டும், யோசித்துவிட்டுத் தெரியாது என்று சொல்கிற மனுஷனாக இருந்தாலே எனக்குப் போதும். அவர் சொன்னபடி செய்து பார்த்துச் சரிவரவில்லை என்றால் அதையும் மூடி மறைக்காமல் சொல், சண்டை போடு, உன்னோடு சண்டை போட்டு அவருக்கு எவ்வளவு நாளாகிறது. நான் செய்ததுபோல அவரைப் பத்திரமாக வைக்க மட்டும் பார்க்காதே. அவர் சொல் கேட்டு ஒரு வண்டி இறங்க வேண்டும், அது உன் வண்டியாக இருந்தால் உனக்கும் நல்லது, எனக்கும் நிம்மதி.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல், போன இடமெல்லாம் நல்ல மனுஷர்கள் கிடைத்து, நீடூழி வாழ வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. நீ கேட்டதும் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. இந்த வியாதிக்கு அப்புறம் அவருக்கு வார்த்தை வர நேரமாகிறது, அதுவும் இப்போது கோபம் வேறு சேர்ந்திருக்கிறது. லைன் போய்விட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னையே நம்பி எழுதும்
அம்மா